ஒரு பெயர், பல நிலம்: கேமரன் மலையின் ஊர்ப்பெயர்கள்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 'சுங்கை பாலாஸ்' என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவன ஒரு தேயிலைத் தோட்டமும் அதன் தமிழ்ப்பள்ளியுமே. மலாய் மொழியிலோ 'சுங்கை' என்பது ஆறு. 'பாலாஸ்' என்பது விசிறி போன்ற இலையுடைய பனையினச் சிறுமரம். மரத்தின் பெயர் ஆற்றுக்கும், ஆற்றின் பெயர் தோட்டத்திற்கும், தோட்டத்தின் பெயர் பள்ளிக்கும் வந்தன. ஒரு பெயர் இவ்வாறு பல பொருள்களைச் சுட்டும்போது அதிலிருந்து எவ்வளவு வரலாற்றை அறியலாம், எவ்வளவை அறிய இயலாது என்பதே இவ்வுரையின் பொருள்.

பெயர்ப் பகிர்வு மூவகைப்படும். முதல் வகை, அருகருகே உள்ளவை ஒரு பெயரைப் பகிர்தல். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் ஒரு மலை; அதன் அடிவாரத்துச் சிறுநகரும் பிரிஞ்சாங்கே. தமிழ்நாட்டில் ஆனைமலை என்பது மலைத்தொடரின் பெயர். பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஊரின் பெயரும் அதுவே. இத்தகைய இடங்களில் இயற்கைப் பொருளே பெரும்பாலும் முதலில் பெயர் பெறுகிறது. பின்னர்க் குடியேறுவோர் அப்பெயரைத் தம் ஊருக்கு எடுத்துக்கொள்கின்றனர். மலைக்குரிய குறிஞ்சிப் பூவைக் கொண்டு நிலத்திற்கே பெயரிட்ட மரபினராகிய நமக்கு இம்முறை புதிதன்று.

இரண்டாம் வகை, தொலைவிலுள்ளவை ஒத்த நிலவியல்பால் ஒரே பெயர் பெறுதல். 'பெர்த்தாம்' என்பதும் ஒரு பனையினமே. கேமரன் மலையில் பெர்த்தாம் ஆறும் பெர்த்தாம் பள்ளத்தாக்கும் உள்ளன. பினாங்கிலும் மலாக்காவிலும் பெர்த்தாம் என்னும் ஊர்கள் உள்ளன. ஓர் ஊரார் பெயர்ந்து சென்று மற்றோர் ஊரை அமைத்தனர் என்று இதனைக் கொண்டு முடிவுகட்டுதல் தவறு. அந்த மரம் வளர்ந்த இடமெல்லாம் அப்பெயர் தானாகவே தோன்றக்கூடும். நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு, தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு. நீர்கள் கூடுமிடத்தை நாம் 'கூடல்' என்றோம். மலாயர் 'கோலா' என்றனர். கேமரன் மலையின் கோலா திரெலாவையும் தலைநகர் கோலாலம்பூரையும் இணைப்பது இந்தப் பொதுச்சொல்லேயன்றி வேறன்று.

மூன்றாம் வகை, மனிதர் வேண்டுமென்றே எடுத்துச் சென்று இட்ட பெயர்கள். 1885-ஆம் ஆண்டு இம்மலைப்பகுதியை ஆய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் இம்மலைக்கு வழங்கலாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தின் பெயர், சீனத்தின் வூயி மலையை மேலைநாட்டார் 'பொகியா' என வழங்கியதிலிருந்து வந்தது என்பர். அவ்வாறாயின் ஒரு மலையின் பெயர் தேயிலையோடு கடல் கடந்து மற்றொரு மலையில் தங்கியது எனலாம். இவ்வகைக்கு இன்னும் தெளிவான சான்று பல்கேரியாவிலிருந்து கிடைக்கிறது. 1994-இல் அந்நாடு அமைத்த ஆணையம் அண்டார்க்டிகாவின் மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் பெயரிட்டு வருகிறது. பண்டைத் தலைநகர் பிளிஸ்காவின் பெயரும் பிளோவ்டிவ் நகரின் பெயரும் லிவிங்ஸ்டன் தீவின் சிகரங்களில் நிற்கின்றன. பிளோவ்டிவ் மக்கள் அப்பனிமலையில் குடியேறியதில்லை. பெயர் ஒன்றாயிருப்பதே குடிப்பெயர்ச்சிக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இம்மூவகையையும் பிரித்தறியத் துணைசெய்வது பெயரிலுள்ள பொதுச்சொல். இங்கேதான் தமிழர்க்கு ஓர் இடர் உண்டு. தமிழில் சிறப்புச்சொல் முன்னும் பொதுச்சொல் பின்னும் நிற்கும்: பாலாறு, ஆனைமலை. மலாயில் இம்முறை தலைகீழ்: சுங்கை பாலாஸ், குனோங் பிரிஞ்சாங். முன்னிற்கும் 'சுங்கை'யைத் தமிழ்ச்செவி பெயராகவே கொள்கிறது. 'சுங்கை பாலாஸ் ஆறு' என்று ஆற்றை இருமுறை சொல்கிறோம்.

ஒலியமைப்பும் பொருளை மறைக்கும். தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் தகரம் மென்மையாக ஒலிக்கும்; வல்லோசை வேண்டின் இரட்டிக்க வேண்டும். ஆகவே மலாயில் கல்லைக் குறிக்கும் 'பாத்து' என்னும் சொல் நம் நாவில் 'பத்து' ஆயிற்று. பாத்து ஆற்றின் பெயர் பெற்ற குகைமலை 'பத்துமலை' ஆயிற்று. பின்னர், பத்தாவது மலையாதலின் இப்பெயர் பெற்றது என்னும் விளக்கமும் கிளைத்தது. உழவரைக் குறிக்கும் 'பெத்தானி' நம்மிடையே 'பட்டாணி'யாகிச் 'சுங்கைப்பட்டாணி' பிறந்தது. இவை பிழைகளல்ல, தமிழ் ஒலிமரபு தன் இயல்பில் இயங்கியதன் விளைவுகள். பத்துமலை என்பது இன்று உலகறிந்த தமிழ்ப்பெயர். அதனை மாற்ற வேண்டியதில்லை. எனினும், கல் என்னும் மூலப்பொருளை மாணவர் அறியாராயின், பின்வந்த விளக்கமே வரலாறாக நிலைத்துவிடும்.

கேமரன் மலையின் ஒரே சரிவில் மூன்று மொழிக்குடும்பங்கள் சந்தித்துள்ளன. செமாய் மக்களின் மொழி ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தது; மலாய் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தது; தமிழ் திராவிடக் குடும்பத்தது. நிலப்படங்கள் பெரும்பாலும் மலாய், ஆங்கிலப் பெயர்களையே காட்டுகின்றன. காடு வெட்டித் தேயிலை நட்ட தமிழர், கோயிலடி, மேட்டு லயம் என்பன போலத் தமக்குள் வழங்கிய பெயர்கள் எழுத்தில் ஏறாமல் பேச்சிலேயே வாழ்ந்தன. இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகியுள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பேசுவோர் அகன்றால் பேச்சிலிருந்த பெயரும் அகலும்.

ஆகவே ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஓர் எளிய பதிவேட்டைத் தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வினாக்கள் போதும்: இப்பெயரின் பொதுச்சொல் எது? ஆறு, மலை, ஊர், தோட்டம் ஆகியவற்றுள் இப்பெயரை முதலில் பெற்றது எது? தோட்டத்து முதியோர் அவ்விடத்தை எவ்வாறு அழைத்தனர்? முதலிரண்டு வினாக்களுக்கு அகராதியும் நிலப்படமும் இனியும் விடை தரும். மூன்றாம் வினாவுக்கு விடை தருவோர் இன்று நம் மாணவர் இல்லங்களிலேயே உள்ளனர். அவர்களிடம் இன்றே கேட்டல் வேண்டும்.