விடுப்பும் விடுமுறையும்

பள்ளிக்கரணையில் ஒரு நிறுவன அறிவிப்பில் ‘நோய் விடுமுறை’ என்றிருந்தது. விடுமுறை எல்லாருக்கும் பொதுவாக வருவது, பொங்கலுக்குப் போல. ஒருவர் தமக்கென்று கேட்டுப் பெறுவது விடுப்பு. இரண்டுக்கும் வேர் ‘விடு’. விடுதலையும், முத்தியைக் குறிக்கும் வீடும் அவற்றின் உறவு. கேட்டுப் பெறும் விடுப்பைப் போலவே, லீவு என்பதும் ஆங்கிலத்தில் முதலில் அனுமதியையே குறித்தது. எனக்கு ‘நோய் விடுப்பு’தான் பிடிக்கிறது, ‘மருத்துவ விடுப்பு’ என்றதும் சான்றிதழ் முன்னே வந்து நிற்கிறது. சட்டமும் நோய்க்குத் தனி இடம் தருகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் ஓய்வு உண்டு. அதைத் தொடாமல், நோய்க்கென்று தனியாக 12 நாள் வரை, தற்செயல் விடுப்பாக 12 நாள் வரை. இவை இரண்டும் முதல் ஆண்டிலேயே. காய்ச்சலில் கிடப்பவரின் ஓய்வு நாளைக் கழிக்காதீர்கள்.