தகட்டில் ஒரு கப்பல்

நாகூர் தர்கா வாசல் கடைகளில் தகட்டில் அடித்த கை, கால், கண், வீடு, கப்பல் எல்லாம் கிடைக்கும். முழங்கால் வலிக்குக் கால் தகடு, கடலோடிக்குக் கப்பல். வேளாங்கண்ணியிலும் இதே வழக்கம்தான். எங்கள் அப்பாயி இரண்டு இடத்துக்கும் நேர்ந்துகொள்வார். காணிக்கையை எங்கே முதலில் செலுத்துவது என்பதுதான் அவருக்குக் குழப்பம்.

நாகூர் ஆண்டவர் என்று அழைக்கப்படும், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி மகான் சாகுல் ஹமீது அடக்கமான இடம் நாகூர் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டித் தந்தது. பிள்ளை வரம் பலித்ததற்காக என்பார்கள். இருக்கலாம். கடல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்கள் கொடிகட்டிப் பறந்த கரை இது. அரச பக்தியில் கொஞ்சம் கணக்கும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு வரும். மொட்டை போட்டுக் குளத்தில் முழுகுகிறவர்களில் இந்துக்களும் ஏராளம்.

கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரையும் உடன் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் அவர் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. கீழே ஐரோப்பியத் தூண்கள், மேலே குட்டி மினாராக்கள். அதே தெருவில், சற்றுத் தள்ளி, சீனர்கள் தங்கள் கடல்தாய் மாசூவுக்கு 1839இல் கோயில் கட்டத் தொடங்கினார்கள்.