கெல்ஸ் படமும் விமர்சகர்களும்

2010 பிப்ரவரியில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்துப் பலரும் முழித்தார்கள். 'அப்', 'கோரலைன்' எல்லாம் சரி, அதென்ன 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்'? அயர்லாந்தின் கில்கென்னியில் உள்ள கார்ட்டூன் சலூன் நிறுவனம் கையால் வரைந்த படம். இயக்கம் டாம் மூர், நோரா ட்வோமி. விருது என்னவோ 'அப்'புக்குத்தான் போச்சு.

விமர்சனங்களில் அடிக்கடி வந்த தீர்ப்பு: கண்ணுக்கு விருந்து, கதைதான் மெலிசு, முடிவு அவசரம். முடிவைப் பற்றிய புகார் நியாயம். சிறுவன் பிரெண்டன் பெரியவனாகும் வருஷங்கள் கடகடவென ஓடிவிடுகின்றன. ஆனா, ஓவியத்தைத் தனியாகவும் கதையைத் தனியாகவும் எடை போட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. கி.பி. 800 வாக்கில் உருவான கெல்ஸ் சுவடி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதன் பக்கங்களில் தூரமும் ஆழமும் கிடையாது. எல்லாம் தட்டை, பின்னல், சுழல். படமும் அப்படியேதான். பழைய ஐரிஷ் தெய்வமான குரோம் குருவாக் இதில் பாம்பாக வருகிறது. பிரெண்டன் வாளெடுக்கவில்லை, சாக்பீஸால் கோடு போட்டே அதை மடக்குகிறான். வரைவதுதானே இங்கே கதை!

இன்னொரு குறை கொஞ்சம் கனமானது. அந்தச் சுவடி நான்கு நற்செய்தி நூல்கள் என்பதைப் படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காட்டுத் தேவதை ஆஷ்லிங்குக்கு இடமுண்டு, இயேசுவுக்கு இல்லையா என்று சில கிறிஸ்தவ விமர்சகர்கள் கேட்டார்கள். கடைசியில் விரியும் பக்கத்தில் கிறிஸ்துவின் பெயருக்கான கிரேக்க எழுத்துகள் உள்ளன. தெரிந்தவர் கண்டுகொள்வார். தெரியாத பிள்ளைக்கு அது அழகான கோலம், அவ்வளவுதான்.