டெலிகேட் மறுஅழைப்பு

சி ஷார்ப்பில் எழுதிய செயற்கூறு ஒன்றை, சி அல்லது சி++ நூலகம் தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ள ஒப்படைக்கும் டாட்நெட் முறை. விண்டோசுக்கான தமிழ்99 தட்டச்சுச் செயலியை சி ஷார்ப்பில் எழுதுவதாகக் கொள்வோம். 'எச்' விசையைத் தட்டினால் 'க' விழ வேண்டும். செட்விண்டோஸ்ஹுக்எக்ஸ் என்னும் விண்டோஸ் செயற்கூறிடம் ஒரு டெலிகேட்டை (செயற்கூறைச் சுட்டும் சி ஷார்ப் பொருளை) கொடுத்துக் கொக்கி (ஹுக்) மாட்டிவிட்டால், ஒவ்வொரு விசைக்கும் விண்டோஸ் அதைக் கூப்பிடும்.

கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். டெலிகேட்டுக்காக டாட்நெட் ஒரு சிறு இடைநிரலை உருவாக்கி, அதன் முகவரியை மட்டுமே வெளியே தருகிறது. அம்முகவரி விண்டோசிடம் இருப்பது, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பிக்குத் தெரியாது. சி ஷார்ப் பக்கத்தில் யாரும் பிடித்துவைக்காத டெலிகேட்டை அது அள்ளிக்கொண்டு போய்விடும். சோதனையில் ஒழுங்காக ஓடிய செயலி, சில நிமிடத் தட்டச்சுக்குப் பின் சட்டென்று விழும். கொக்கியைக் கழற்றும்வரை டெலிகேட்டை ஸ்டேட்டிக் மாறியில் வைத்திருந்தால் போதும். நினைவகத்தில் ஆணியடித்து நிறுத்தத் தேவையில்லை, இடைநிரல் இடம்பெயராது.

32-பிட் விண்டோசில் அழைப்பு மரபும் பொருந்த வேண்டும்: எஸ்டிடிகாலா, சிடெக்லா என்பதை நூலகத்தின் தலைப்புக் கோப்பில் பார்க்கலாம். மறுஅழைப்புக்குள் எழும் விதிவிலக்கை அங்கேயே பிடித்துவிட வேண்டும். 2020இல் வந்த டாட்நெட் 5, அன்மேனேஜ்டுகாலர்ஸ்ஒன்லி பண்புக்கூறு வழியே ஸ்டேட்டிக் செயற்கூறின் முகவரியை நேரடியாகக் கொடுக்க வழிசெய்தது. அதில் டெலிகேட்டே கிடையாது.