எழுத்துக் கூட்டும் அலை

எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்று கண்முன் வந்ததும், சுமார் 300 மில்லி விநாடி கழித்து மூளையில் சின்னதாய் ஒரு மின் அலை எழும்பும். 1965இல் சாமுவேல் சட்டனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் அதைப் பதிவுசெய்தார்கள். பெயர், பி300.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் கிடந்த அந்த அலைக்கு, 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபார்வெலும் டான்சினும் ஒரு வேலை கொடுத்தார்கள். திரையில் ஆறுக்கு ஆறு கட்டம். 36 அறைகளில் ஆங்கில எழுத்துகளும் சில கட்டளைகளும். கிடை வரிசைகளும் நெடு வரிசைகளும் மாறி மாறி மின்னும். வேண்டிய எழுத்து மின்னும்போதெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டால் போதும், அது இருக்கும் இரண்டு வரிசைகளுக்கு மட்டும் அலை எழும். படவேடு, ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாவும் ஊடையும் குறுக்கிடும் இடமே எழுத்து. வேகம்தான் குறைவு, நிமிடத்துக்கு 2.3 எழுத்து. ஆனால் கை, கால், நாக்கு எதுவும் அசையாதவருக்கு அந்த இரண்டு எழுத்தே பெரிய பேச்சு.

இந்தியாவில் இந்த அலை பேர் வாங்கியது குற்ற விசாரணையில். சந்தேக நபரின் தலையில் மின்முனைகளை ஒட்டி, குற்றத்தைப் பற்றி அவருக்கு ஏதாவது தெரியுமா என்று மூளையிடமே கேட்டார்கள். 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் யாருக்கும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. வாய் திறக்க முடியாதவருக்கு உதவ வேண்டிய அலை, வாய் திறக்க மறுப்பவர்மேல் ஏவப்பட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கட்டத்துக்குத் திரும்புவோம். தமிழுக்கு 247 எழுத்து, 36 அறையில் எப்படி அடங்கும் என்று தோன்றும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. இடைவெளிக்கும் அழிப்பதற்கும் போக இன்னும் அறை மிஞ்சும். ‘அம்மா’வுக்கு அ, ம், ம், ஆ என்று நான்கு தேர்வு, 1988இன் வேகத்திலேயே இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘தண்ணீர்’ என்று கேட்க ஆறு தேர்வு போதும்.

இதற்கு மண்டையைத் திறக்க வேண்டாம். மின்முனை பதித்த தொப்பி, கொஞ்சம் பசை, ஒரு கணினி. தேங்காய் எண்ணெய் போகத் தலையை அலசிவிட்டு வந்தால் சரி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாது, மைக்ரோவோல்ட் அளவிலான அலை இரைச்சலில் மறைந்துவிடும். மூளைக்குள் மின்முனை பதிக்கும் முறை எங்கோ போய்விட்டது: கையால் எழுதுவதாக ஒருவர் நினைத்ததையே நிமிடத்துக்கு 90 எழுத்து வீதம் படித்ததாக 2021இல் ஸ்டான்ஃபோர்டு குழு அறிவித்தது. அது நம் வீடுகளுக்கு எட்ட நாளாகும். தொப்பி எட்டும்.

பொறியியல் கல்லூரிகளில் இந்த அலையோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலப் பலகையை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். உயிரையும் மெய்யையும் தனித்தனியே வைத்துப் பலகை செய்யுங்கள். படுக்கையில் இருப்பவரின் வீட்டாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.