நீக்கப்பட்ட கணினித் தொகுப்புகளை மீட்டல் (உபுண்டு, டெபியன்)

உபுண்டுவில் பைத்தான் 3-ஐ நீக்கினால், அதைச் சார்ந்த க்னோம் திரைமுகப்பும் பல நிர்வாகக் கருவிகளும் சேர்ந்தே போய்விடும். கணினியை மறுபடி தொடங்கினால் கறுப்புத் திரையில் எழுத்துவடிவ உள்நுழைவு மட்டுமே வரும். பயனரின் கோப்புகளுக்குச் சேதமில்லை. அவசரப்பட்டு வட்டை அழித்து மறுநிறுவல் செய்வது வீண் இழப்பு.

வார் அடைவின் லாக் பகுதியில் தொகுப்பு மேலாளரான ஏபிடி எழுதிவைக்கும் வரலாற்றுப் பதிவேடுதான் மீட்பின் உயிர்நாடி. எந்தக் கட்டளை, எப்போது, எந்தெந்தத் தொகுப்புகளை நீக்கியது என்பதெல்லாம் பதிப்பு எண்ணோடு அதில் இருக்கும். ‘ரிமூவ்’ வரியிலுள்ள பெயர்களை ஏபிடி இன்ஸ்டால் கட்டளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ‘பர்ஜ்’ முறையில் நீக்கியிருந்தால், கைப்பட மாற்றிய அமைப்புக் கோப்புகள் திரும்பா.

கணினி தொடங்கவே மறுத்தால், லைவ் பென்டிரைவில் தொடங்கி, வட்டின் மூலப் பகிர்வை மவுண்ட் செய்து, சிரூட் வழியே உள்ளே நுழைந்து அதே கட்டளையை இயக்கலாம்.