ரிங் போகும், காசு போகாது

முதல் வேலைல சேர்ந்த புதுசுல எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. சைன்-அப் பக்கத்துல சில நாடுகளை மறைக்கணும். லிஸ்ட்ல ‘சியூ’ன்னு ரெண்டு எழுத்து சேர்த்தேன். கியூபா. ஏன்னு கேட்டதுக்கு, “லீகல்ல சொல்லிட்டாங்க”ன்னு பதில் வந்தது. மூணே நிமிஷத்துல மெர்ஜ் ஆயிடுச்சு. அந்த ரெண்டு எழுத்துக்குப் பின்னாடி இருக்கிற கதையை நான் ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன்.

அமெரிக்காவோட தென்கோடில கீ வெஸ்ட்னு ஒரு ஊர். அங்கேருந்து கியூபா 90 மைல்தான். 1921-ல கடலுக்கடியில போட்ட டெலிபோன் கேபிள் வழியா அமெரிக்க அதிபர் ஹார்டிங், கியூப அதிபர் மெனோகால்கிட்ட பேசி சேவையைத் தொடங்கி வெச்சார். 1950-ல இன்னும் நவீனமான கேபிள் வந்தது. அப்புறம் புரட்சி. 1960-ல அமெரிக்காவோட ஐடிடி கம்பெனி நடத்தின கியூப டெலிபோன் நிறுவனத்தை காஸ்ட்ரோ அரசு நாட்டுடைமை ஆக்கினது. 1962-ல கென்னடி வர்த்தகத் தடை போட்டார்.

தடைன்னா லைனைக் கட் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சேன். பண்ணலை! பிளாக் ஆனது பணம்.

வெளிநாட்டு கால் எப்படி வேலை செய்யும்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். மயாமிலேருந்து ஹவானாவுக்குப் பேசினா, பில் கட்டறது மயாமிக்காரர். ஆனா ஹவானால அந்த காலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கறது கியூப நிறுவனம். அதனால வசூல்ல ஒரு பங்கு அவங்களுக்குப் போகணும். ரெண்டு பக்கமும் கணக்கு வெச்சு, மிச்சத்தைத் தீர்த்துப்பாங்க. பேசறது பெரும்பாலும் மயாமி பக்கம்தான், ஏன்னா நாட்டை விட்டு வந்தவங்க அங்கேதான் இருந்தாங்க. ஆக, கியூபாவுக்குத்தான் பாக்கி ஏறிக்கிட்டே போச்சு. கியூபாவோட பங்கை ஏடி அண்ட் டி ஒதுக்கி வெச்சது. ஆனா அது போனது முடக்கப்பட்ட ஒரு கணக்குக்கு. கியூபா அதைத் தொட முடியாது. லெட்ஜர்ல வரவு இருக்கு, கைல இல்லை.

காசு வராத சேவையை யார் பெருசா வளர்ப்பாங்க? 1989-ல போட்ட புது கேபிள் இந்தப் பணத் தகராறால வருஷக்கணக்கா சும்மாவே கிடந்தது. அம்மாவோட பேசணும்னா சிலர் கனடா வழியா சுத்திப் போனாங்க.

1992-ல வந்த கியூப ஜனநாயகச் சட்டம் இதைத் தளர்த்தினது. தடை அப்படியே இருக்கும், டெலிபோனுக்கு மட்டும் விலக்கு. நிமிஷத்துக்கு 1.20 டாலர், ஆளுக்குப் பாதி. 1994 நவம்பர்ல நேரடி டயலிங் வந்தது. ஆனா பழைய முடக்கின பணம் மட்டும் அங்கேயே இருந்தது.

அதுக்கப்புறம்தான் கதை கனமாகுது. 1996 பிப்ரவரில, கியூபாவை விட்டு வந்தவங்களோட அமைப்பு ஒண்ணுக்குச் சொந்தமான ரெண்டு சின்ன விமானங்களை கியூப விமானப்படை சுட்டு வீழ்த்தினது. நாலு பேர் இறந்தாங்க. மூணு குடும்பங்கள் வழக்கு போட்டாங்க. 1997-ல கோர்ட் சுமார் 18.7 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. எங்கேருந்து வசூல் பண்றது? டெலிபோன் கட்டணத்துலேருந்து! கியூப நிறுவனமான எடெக்சாவுக்குப் போக வேண்டிய காசை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டாங்க. காசு நின்னதும், 1999 பிப்ரவரில பாக்கி வெச்ச கம்பெனிகளோட லைனை கியூபா துண்டிச்சது. அப்பீல்ல, எடெக்சா தனி நிறுவனம், அரசோட கடனுக்கு அது பொறுப்பில்லைன்னு தீர்ப்பு வந்தது. 2000-ல காங்கிரஸ் வேற வழி கண்டுபிடிச்சது. சட்டம் போட்டு, முடக்கி வெச்சிருந்த கியூபப் பணத்தை எடுத்து 2001-ல அந்தக் குடும்பங்களுக்கு சுமார் 9.67 கோடி டாலர் கொடுத்தாங்க. கியூபாவோ பதிலுக்கு கால்கள் மேல 10 சதவீத வரி போட்டது. அமெரிக்க கம்பெனிகள் கட்ட மறுத்தாங்க. 2000 டிசம்பர்ல நேரடி லைன் மறுபடி கட்.

ரெண்டு பக்கத்துல யார் நியாயம்னு என்னால சொல்ல முடியலை. பையனை இழந்த குடும்பத்துக்கு நஷ்டஈடு வேணும்தான். ஆனா அந்த முடக்கின கணக்குல இருந்த டெலிபோன் பணத்தை முதல்ல கட்டினது யார்? மயாமில உட்கார்ந்து ஊருக்கு போன் பண்ணின இன்னொரு குடும்பம்.

2015-ல ஐடிடி இல்லை, ஐடிடி-ன்னே காதுல விழற இன்னொரு அமெரிக்க கம்பெனி (எழுத்து வேற, குழம்பிடாதீங்க) எடெக்சாவோட நேரடி ஒப்பந்தம் போட்டது. 2022-ல கியூபாவுக்கு ஒரு இன்டர்நெட் கேபிள் கேட்டப்போ, பாதுகாப்புக் காரணம் சொல்லி அனுமதி கொடுக்க வேண்டாம்னு அமெரிக்க நீதித்துறை தரப்பு பரிந்துரை பண்ணினது. நான் சேர்த்த அந்த ‘சியூ’, நான் அந்த கம்பெனிலேருந்து கிளம்பற வரைக்கும் லிஸ்ட்லயே இருந்தது.